தானே பிடித்துக்கொள்ளும் குறடு

நாகல் நகர், திண்டுக்கல்
12.2.1998

சேசு மரி சூசை துணை.

மகள் சகாயசெல்விக்கு அம்மா ஜெயமேரி எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். பிள்ளைக்குச் சளி விட்டதா என்று மறக்காமல் எழுது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கால் பரவாயில்லை, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். கோணிய வாயும் நேராகிவிட்டது. இடது கைதான் வரவில்லை. முழங்கை மட்டும் தூக்குகிறது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது. டம்ளரைக் கொடுத்தால் நழுவுகிறது. "வந்தா ஆறு மாசத்துக்குள்ள வரும்மா, இல்லாட்டி இம்புட்டுத்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அப்பா அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

நேற்று பட்டறையைத் திறந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை உள்ளே உட்கார வைத்துக்கொண்டார். மோட்டார் வேலையில் போல்ட்டின் தலையைப் பின்பக்கம் ஒரு கை பிடிக்க வேண்டும், முன்பக்கம் நட்டை இன்னொரு கை திருக வேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து சும்மா சுற்றும். நான் பிடித்தேன், அவர் திருகினார். "சுத்துப்பிரகாரத்துல மெழுகுவத்தி பிடிக்கிற மாதிரி பிடிக்கிற. இறுக்கிப் பிடி மேரி" என்று வைதார். வைதது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் பட்டறையில் நடப்பது பாதி வேலை. மீதி தோட்டத்து மோட்டார் இருக்கும் கிணற்றுக்குள். "கிணத்துக்கும் நானே வாரேன்" என்றேன். "பொண்டாட்டியைக் கிணத்துல இறக்கி வேலை பாத்தான் ஸ்தனிஸ்லாஸ்னு ஊரு சொல்லவா?" என்றார். ஆள் வைக்கலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிணற்றுக்குப் போக முடியாது என்றால் பட்டறை நிலைக்காது செல்வி. பட்டறை நிலைக்காவிட்டால் உன் அப்பா எழுந்து உட்காரவே மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

ஷார்ஜாவில் இருக்கும் உன் மாமாவுக்கு இந்தச் செய்தி போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ கல்யாணமாகிப் போன அடுத்த வருசம் நடந்தது உனக்குத் தெரியாது. பத்து வருசம் பின்பக்கம் பிடித்தது உன் மாமாவின் கை. வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று அப்பா கத்தினார். "போடா. நீ போனா எனக்குக் கையா ஒடிஞ்சிரும்? ஒத்தக் கையாலயே பட்டறையை நடத்திக் காட்டுறேன் பாரு." அவனும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டான். எனக்கு மட்டும் கடிதம் போடுவான். வாயால் சொன்னது இப்படி வந்து நிற்கிறதே என்று அப்பாவுக்குப் பெரிய கூச்சம். ஊருக்கே தெரிந்தாலும் உன் மாமாவுக்குத் தெரியக் கூடாது.

கேபிள் டிவியில் காலையில் ஒரு வெள்ளைக்காரன் வருகிறான். அவன் வாய் ஒரு பக்கம் அசைகிறது, தமிழ் ஒரு பக்கம் வருகிறது. ஒரு குறடு காட்டுகிறான். எந்த அளவு நட்டில் வைத்து அழுத்தினாலும் அதன் வாய் தானே அந்த அளவுக்குச் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. கையை விட்டாலும் விழவில்லை. நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டுப் பார்த்தேன். அது உன் அப்பாவுக்கு ஒரு இடது கை.

மாமாவிடம் கேட்கப் போகிறேன். எதற்கு என்று சொல்ல மாட்டேன். நீயும் எழுதிவிடாதே.

பிள்ளைக்கு என் முத்தம்.
அம்மா

•

நாகல் நகர்
20.2.1998

அன்புத் தம்பி ஆனந்த்ராஜுக்கு அக்காவின் ஆசீர். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் தொடங்கிவிட்டதா? தூத்துக்குடியிலிருந்து ஜெஸ்ஸி எழுதியிருந்தாள், உங்கள் சின்னவள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம். இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அத்தானும் சுகம். பட்டறை நடக்கிறது.

ஒரு சின்ன விசயம். டிவியில் ஒரு குறடு காட்டுகிறார்கள், எல்லா நட்டுக்கும் தானே அளவு வைத்துப் பிடித்துக்கொள்கிறதாம். அங்கே கிடைக்குமா? வாங்கலாமா? மே மாதம் எங்கள் கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருசம். அத்தானுக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று ஒரு ஆசை. சீக்கிரம் எழுது. யாராவது ஊருக்கு வந்தால் அவரிடம் கொடுத்து விடு.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பூசை இருந்தால் விடாதே.
அக்கா ஜெயமேரி

•

ஷார்ஜா
17.3.1998

என் அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன், முதுகுவலி மட்டும் கூடவே வருகிறது, அதற்குத் தனியாக விசா கேட்கவில்லை. சின்னவள் நடப்பதை போட்டோவில் பார்த்தேன்.

அக்கா, உன் குறடு விசயம் படித்து நானும் பக்கத்துக் கட்டில் ஜமால் முகமதுவும் சிரித்தோம். எங்கள் ஸ்டோரில் அது நாலு கிடக்கிறது. பிட்டர் வேலை பார்க்கிற எவனும் தொட மாட்டான். ஏன் என்று சொல்கிறேன். நட்டுக்கு ஆறு பக்கம். ரிங் ஸ்பேனர் ஆறையும் சுற்றிப் பிடிக்கும். இந்தக் குறடு இரண்டே பக்கத்தைக் கவ்வும். புது நட்டு, எண்ணெய் படாத நட்டு என்றால் சரி. டிவிக்காரன் புது நட்டுத்தான் வைத்திருப்பான். துருப்பிடித்த கிணற்று நட்டில் போட்டு அழுத்தினால் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். அதற்குப் பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதோடு உள்ளே ஸ்பிரிங். மணல் போனால் ஒரு மாதத்தில் செத்துவிடும்.

வீட்டில் குழாய் இறுக்க, சைக்கிள் பார்க்க, தொழில் தெரியாதவர்கள் வாங்கலாம். ரெண்டு கையும் நல்லா இருக்கிற மெக்கானிக்குக்கு அது எதற்கு? அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் "உன் தம்பி அங்க போயி இதைத்தான் கத்துக்கிட்டானா"ன்னு கேட்பார். அந்த ஏச்சை இன்னொரு தடவை வாங்க எனக்குத் தெம்பில்லை.

வெள்ளி விழாவுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் அனுப்புகிறேன். தங்க நிறம். அவர் இடது கையில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவதை நீ எனக்கு எழுது.

என்னைப் பற்றி எப்போதாவது பேசுவாரா?

உன் தம்பி
ஆனந்த்ராஜ்

•

நாகல் நகர்
6.4.1998

தம்பி ஆனந்துக்கு, பெரிய வாரம் தொடங்கிவிட்டது. உனக்கும் உன்னோடு தங்கியிருக்கிறவர்களுக்கும் உயிர்ப்புத் திருநாள் ஆசீர் முன்கூட்டியே. முதுகுக்கு விளக்கெண்ணெய் தேய்.

கடிகாரம் வேண்டாம். அத்தான் கடிகாரம் கட்டுவதில்லை.

நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். வழுக்கும் என்கிறாய், சரி. நான் கேட்பது வேறு. போல்ட்டின் தலையைப் பின்னால் பிடிக்க மட்டும் அதை வைத்தால்? பூட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் அது எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்? ஒரே கையால் மாட்டி ஒரே கையால் கழற்ற முடியுமா? எடை எவ்வளவு இருக்கும்?

நான் புத்தி கேட்கவில்லை ஆனந்த், பொருள் கேட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன கேட்டாலும் ஏன் என்று நான் கேட்டதில்லை.

அத்தான் உன்னைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை. உன் கடிதம் வந்தால் அன்று மட்டும் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருப்பார், நான் வாசித்து முடிக்கும்வரை.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்.
அக்கா

•

ஷார்ஜா
2.6.1998

அக்காவுக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. கம்பெனியில் வருடாந்திர ஷட்டவுன், மிஷினையெல்லாம் நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை, நாற்பது நாள் சூரியனைப் பார்க்கவில்லை. உங்கள் வெள்ளி விழா அன்று இங்கே உள்ள கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

நீ விடாமல் அந்தக் குறட்டையே பிடித்துக்கொண்டு இருக்கிறாய். எடை அரைக் கிலோ. ஒரு கையால் மாட்டலாம். நிற்கும். ஆனால் யாருக்கு அக்கா அது? பின்னால் பிடிக்க அத்தானுக்கு ஸ்பேனர் இல்லையா, கைதான் இல்லையா? டிவியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டாய். விடு.

அதைவிட நூறு பங்கு நல்லது ஒன்று வாங்கியிருக்கிறேன். ஜெர்மன் இரும்பு ரிங் ஸ்பேனர் செட், ஆறிலிருந்து முப்பத்திரண்டு வரை, தோல் பையோடு. அத்தான் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான் வாங்கினேன் என்று சொல்லாதே, சொன்னால் தொட மாட்டார். ஜமால் முகமது பேகம்பூருக்கு லீவில் வருகிறான், வீட்டில் கொண்டுவந்து தருவான். அத்தான் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
ஆனந்த்

•

நாகல் நகர்
5.7.1998

மகள் செல்விக்கு அம்மாவின் அன்பு. பிள்ளையின் பல்வலி நின்றதா? கிராம்பு எண்ணெய் பஞ்சில் தொட்டு வை, அதிகம் வைக்காதே.

ஜமால் முகமது வந்திருந்தார். தங்கமான மனுசன். அப்பா இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. காப்பியைக்கூட வாங்காமல் "அங்க வை மேரி, ஆறட்டும்" என்றார். உன் மாமா கொடுத்தது என்று ஜமால் சொல்லவில்லை. "கடையில கழிவு விலைக்குப் போட்டாங்க அண்ணாச்சி, உங்களுக்கு ஆகும்னு எடுத்தாந்தேன்" என்றார். அப்பாவுக்குத் தெரியாதா? தோல் பையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இரும்புன்னா இது இரும்பு" என்றார். ஜமால் போன பிறகு எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவித் துடைத்து வைத்தார்.

மறுநாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வக்கம்பட்டிப் பக்கம் சடையாண்டி தோட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். கிணற்றுத் திட்டில் மோட்டார் பைப் ஒழுகுகிறது என்று நாலு நாளாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தார். சோறு வேண்டாம் என்றார். சாயங்காலம் சடையாண்டி பெண்சாதி சிவனம்மாள் பூ மார்க்கெட்டுக்கு வந்தவள் வீட்டுக்குள் வந்து சொன்னாள்.

"அண்ணன் போல்ட்டைப் பிடிக்க இடுப்பை வச்சு முட்டுறாரு, நெஞ்சை வச்சு முட்டுறாரு, நிக்கலைம்மா. எங்க வீட்டுக்காரருதான் செத்த நேரம் பாத்துட்டு, நான் பிடிக்கேன் அண்ணேன்னு பின்னால போயி உக்காந்தாரு. அண்ணன் வேலையை முடிச்சுட்டுக் கூலியும் வாங்காமப் போயிட்டாரு. அதை உங்ககிட்டக் கொடுத்துட்டு வாரச் சொல்லி எங்க வீட்டுக்காரரு அனுப்புனாரு."

நான் வாங்கவில்லை. அவள் ஒரு முழம் பூவை மாதா படத்துக்கு வைத்துவிட்டுப் போனாள்.

அந்தத் தோல் பை இப்போது மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. அப்பா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆறு மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. விரல் மடங்கவில்லை.

மாமாவுக்கு எழுதாதே என்று போன தடவை எழுதியிருந்தேன். இந்தத் தடவை அதை எழுதவில்லை.

அம்மா

•

கோயம்புத்தூர்
14.7.1998

அன்புள்ள மாமாவுக்கு உங்கள் சகாயசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலியைப் பற்றி அம்மா எழுதுவார்கள். கவனமாக இருங்கள்.

மாமா, சுற்றி வளைக்கத் தெரியவில்லை. ஜனவரி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, இடது கை வரவில்லை. இனி வராது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "ஒத்தக் கையாலயே நடத்திக் காட்டுறேன்" என்று உங்களிடம் சொன்னாராமே, அதனால்.

அம்மா அந்தக் குறட்டை ஏன் கேட்டார்கள் என்று இப்போது தெரிந்திருக்குமே மாமா. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய ஸ்பேனரை அப்பா மிகவும் மெச்சினாராம். ஆனால் அதைப் பிடிக்க ரெண்டு கை வேண்டும்.

அப்பா கூனிப்போகாதபடி ஏதாவது செய்யுங்கள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

அத்தையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
செல்வி

•

ஷார்ஜா
16.8.1998

மரியாதைக்குரிய அத்தானுக்கு ஆனந்த்ராஜ் வணக்கம்.

நாலு வருசம் கழித்து எழுதுகிறேன். உங்கள் உடம்பும் அக்கா உடம்பும் நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லாமல் ரயில் ஏறியதை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கிழித்துவிடாதீர்கள். தொழில் விசயமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஸ்டோருக்கு ஒரு புது மாதிரிக் குறடு நூறு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தானே அளவு வைத்துப் பூட்டிக்கொள்ளும் சாதி. இங்கே உள்ள பிட்டர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் போல்ட்டின் தலையைப் பின்னால் பிடித்து நிற்க வைக்க ஆகும் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

கிணற்று வேலையில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இங்கே கிணறு எங்கே இருக்கிறது? ஒன்று அனுப்புகிறேன். ஜமாலின் மச்சான் கொண்டுவருவார். நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் சொல்வதை அப்படியே என்ஜினியரிடம் சொல்லிவிடுவேன்.

வாயில் எண்ணெய் இல்லாமல் துடைத்துப் போடுங்கள். அது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள்
ஆனந்த்ராஜ்

•

திண்டுக்கல்
20.9.1998

ஆனந்த்ராஜுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

குறடு வந்தது. போட்டுப் பார்த்தேன். நன்றாகப் பிடிக்கிறது. வழுக்கவில்லை. சடையாண்டி தோட்டத்து ஆயில் இன்ஜினில் பிளைவீல் நட்டையே பிடித்துக் கழற்றிவிட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னது தவறு. நூறு வாங்கச் சொல்.

இங்கே வேலை நிறைய இருக்கிறது. கையெழுத்துப் போட்ட காலத்தை முடிக்காமல் வரக் கூடாது. பிள்ளைகளைப் படிக்க வை.

ஸ்தனிஸ்லாஸ்

•

ஷார்ஜா
15.10.1998

அக்கா,

உன்னையும் அத்தானையும் மாதா காக்கட்டும். இந்தத் தாள் உனக்கு மட்டும்.

செல்வி எழுதி எனக்கு எல்லாம் தெரியும். அவளை ஒன்றும் சொல்லாதே. கை இல்லையா என்று நான் உனக்கு எழுதினேனே அக்கா, அந்த எழுத்தை நீ எப்படி வாசித்தாய்? கடிகாரத்தை இடது கையில் கட்டச் சொல்லியும் எழுதினேன். பத்து வருசம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு, நீ ஒரே கையால் மாட்ட முடியுமா என்று கேட்டபோது உறைக்கவில்லை.

அத்தான் எழுதிய ஒரு பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஜமாலிடம் காட்டினேன், மெஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். மறுநாள் வேலையில் நிற்கும்போதுதான் இடித்தது. சடையாண்டி தோட்டத்து இன்ஜின் எனக்குத் தெரியாததா? அந்தப் பிளைவீல் சக்கரத்து நட்டு நாற்பத்தாறு மில்லிமீட்டர். இந்தக் குறடு எவ்வளவு விரித்தாலும் இருபத்தெட்டுக்கு மேல் வாய் திறக்காது. அதில் மாட்டவே மாட்டாது.

அவருக்கு அது தெரியாதா அக்கா? தெரியாமல் எழுதினாரா, நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினாரா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். குறடு அவரைக் கைவிட்டுவிட்டது, அது மட்டும் புரிகிறது.

நான் வந்துவிடுகிறேன். இன்னும் இரண்டு வருசம் கையெழுத்து இருக்கிறது, மேலாளரிடம் பேசினேன், டிக்கெட்டை நானே போட்டுக்கொண்டால் விடுவார்கள். ஜெஸ்ஸிக்கும் எழுதிவிட்டேன். ஆனால் அவருக்காக வருகிறேன் என்று தெரிந்தால் வாசலில் நிற்க விட மாட்டார். அதனால் அவரிடம் இப்படிச் சொல். ஆனந்துக்கு அங்கே வேலை பிடிக்கவில்லை, முதுகு தாங்கவில்லை, பட்டறையில் ஒரு இடம் இருக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறான் என்று சொல். கெஞ்சிக் கேட்டான் என்றே சொல்.

என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எழுது.

ஆனந்த்

•

நாகல் நகர்
8.11.1998

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி ஆனந்துக்கு அக்கா எழுதுவது. கல்லறைத் திருநாளுக்கு நம் அம்மா அப்பா கல்லறையில் உன் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி வைத்தேன். உன் முதுகுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்.

நீ கேட்ட முதல் விசயத்துக்குப் பதில். குறடு பட்டறையில் நன்றாகத்தான் பிடித்தது. அத்தான் வலது கையால் மாட்டினார், அது நின்றது, அதே கையால் ஸ்பேனரை எடுத்துத் திருகினார். என்னைப் பார்த்து, "இனி உனக்கு லீவு மேரி" என்றார். எட்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்போடுதான் மறுநாள் சடையாண்டி தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன், கிணற்று மேட்டில் நின்றேன். மூன்று போல்ட் வந்துவிட்டது. நாலாவது துரு. அத்தான் பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பின்னால் குறடு கழன்று தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. போல்ட்டின் தலை மழுங்கிப்போயிற்று. நீ எழுதினாயே, அப்படியே.

சடையாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். அத்தான், "வேணாம் சடையாண்டி, ஏறி வந்துரு. வேற ஆளைக் கூட்டிக்க" என்றார். அவர் கேட்காமல் முங்கிக் குறட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அத்தான் உனக்கு எழுதிய அன்று காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது தாள் நகர்ந்தது, அழுத்திக்கொள்ள இன்னொரு கை இல்லை. அந்தக் குறட்டை எடுத்துத் தாள் மேல் வைத்துக்கொண்டு எழுதினார். நட்டின் அளவை அவர் மறக்கிறவர் இல்லை. எதற்காக எழுதினார் என்று நான் கேட்கவில்லை. என்னால் கேட்க முடியாது தம்பி.

இனி இரண்டாவது. நீ சொன்னபடியே சொன்னேன். பட்டறையில் இடம் கேட்கிறான், கெஞ்சுகிறான் என்றேன்.

"எந்தப் பட்டறை?" என்றார் அத்தான்.

எனக்கு விளங்கவில்லை.

"சாவியை இடத்துக்காரன்ட்ட நேத்தே கொடுத்துட்டேன் மேரி. சாமானை ஜமாலு மச்சான்ட்டச் சொல்லி எடுத்துக்கிறச் சொல்லிட்டேன். அவன் கடை வைக்கப்போறானாம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை ஆனந்த். இருபத்தைந்து வருசம். "அப்ப அவனுக்கு என்னன்னு எழுத?" என்றேன்.

"வரக் கூடாதுன்னு எழுது. கையெழுத்துப் போட்ட காலத்தை முடிக்கச் சொல்லு. அவன் ஒண்ணும் எனக்குக் கையா வந்து நிக்க வேணாம்."

"அவன் அப்படிச் சொல்லலையே. வேலை பிடிக்கலைன்னுதானே..."

"யாருகிட்ட? அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? பத்து வருசம் எனக்குப் பின்னால உக்காந்தவன்."

நான் அரிசி களையப் போய்விட்டேன். கூப்பிட்டார். பேனாவையும் தாளையும் எடுத்துவரச் சொன்னார். தனக்கு என்று நினைத்துக் கொடுக்கப்போனேன். வாங்கவில்லை.

"நீ எழுது. நான் சொல்லுறதை அப்படியே எழுது."

அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன்.

"ஆனந்து. தை மாசம் எனக்கு வாதம் வந்துச்சு. இடது கை வெளங்கலை. இனிமே வெளங்காது. நான் சொல்லித்தான் அக்கா மறைச்சா, அவ மேல கோவப்படாத. நீ போன அன்னைக்கு நான் சொன்னேன்ல..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லுங்க என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அம்புட்டுத்தான். அவனுக்குத் தெரியும்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆதலால் நானும் எழுதவில்லை.

அக்கா ஜெயமேரி